கணவாய் வந்தால் என்ன பலன்?

"ராத்திரி கனவுல சுறா வந்துச்சு, என்ன பலன்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: "உங்க வீட்டுல சுறாவை என்ன செய்வீங்க?"

கிண்டலுக்காகக் கேட்பதில்லை. கடலோர ஊர்களில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால்சுறா வாங்கிப் போவார்கள். வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டு நிறையத் தட்டிப் போட்டுப் புட்டாக்கிக் கொடுத்தால் தாய்க்குப் பால் ஊறும் என்பது நம்பிக்கை. அந்த வீட்டுப் பெண்ணின் கனவில் வருகிற சுறா வேறு. 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தைச் சின்ன வயதில் பார்த்துவிட்டு வாளித் தண்ணீருக்கே பயந்தவரின் கனவில் வருகிற சுறா வேறு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களுக்கு மூன்றாவதாக ஒரு சுறா இருந்தது. 'கடல்கட்டி' என்று ஒருவர் கரையில் நின்று மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டினால்தான் அவர்கள் நீரில் இறங்குவார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியிலும் அந்தக் கடல்கட்டிக்குரிய கூலி நிற்கவில்லை, ஏனென்றால் அவர் வராவிட்டால் முத்து வராது.

ஆகவே இந்த அத்தியாயத்தில் 'சுறா: பகை, ஆமை: தடை, மீன்: தனலாபம்' என்று அட்டவணை கிடைக்காது. அது வேண்டுமென்றால் பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது, விலையும் குறைவு. கனவு நாளை நடப்பதைச் சொல்லும் என்று நான் நம்புவதில்லை. இன்றைக்கு மனதை எது அழுத்துகிறது என்பதைச் சில சமயம் வெகு துல்லியமாகச் சொல்லிவிடும். 'பலன்' என்று இங்கே நான் சொல்வது அதைத்தான்.

கண்டவர் யார் என்று கேட்காமல் பலன் சொல்லக்கூடாது என்பது என் கண்டுபிடிப்பில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எஃபெசஸ் நகரத்து ஆர்ட்டெமிடோரஸ் கிரேக்க மொழியில் ஐந்து பாகங்களாக ஒரு கனவு நூல் எழுதினார். கடைசி இரண்டு பாகங்களும் அதே தொழிலில் இறங்கிய தன் மகனுக்காக எழுதியவை. படித்தவர்கள் ஏளனம் செய்த சந்தைக் குறிகாரர்களோடு வருஷக்கணக்கில் பழகிக் கனவுகளைத் திரட்டியவர் அவர். தொழில் என்ன, உடம்பு எப்படி, அடிமையா எஜமானனா, இதெல்லாம் தெரியாமல் வாய் திறக்காதே என்பது அவர் மகனுக்குச் சொன்ன பாடம்.

கடல் உயிரினங்களில் அவர் அதை எப்படிச் செய்துகாட்டுகிறார் என்று பாருங்கள். பெரிய மீன்களை நிறையப் பிடிப்பதாகக் கனவு கண்டால் பொதுவாக லாபம் என்கிறார். ஆனால் உட்கார்ந்த இடத்தில் கைத்தொழில் செய்பவனுக்கு ஆகாது, மீன் பிடிக்கப் போனவன் பட்டறையில் இருக்க முடியாதல்லவா, வேலை போய்விடும். மேடைப் பேச்சாளனுக்கும் ஆகாது. மீன் ஊமை, அதனால் கேட்கத் தகுந்த ஆள் கிடைக்கமாட்டார். கணவாய் வந்தால்? ஓடி ஒளிய நினைப்பவனுக்கு மட்டும் நல்லது, மையைக் கக்கிவிட்டுத் தப்பும் பிராணி ஆயிற்றே. ஓங்கில், அதாவது டால்பின், கடலுக்குள் துள்ளினால் நன்மை, கரையில் கிடந்தால் நெருங்கிய ஒருவரின் சாவு.

கடைசியாகச் சொன்னதை நான் ஏற்கவில்லை. முறையை ஏற்கிறேன். அந்தப் பிராணி உண்மையில் எப்படி வாழ்கிறது என்று பார்க்கிறார், அதைக் கனவு கண்டவரின் பிழைப்போடு ஒட்டிப் பார்க்கிறார். இந்த இரண்டையும் நீங்களே செய்துகொள்ளலாம், ஜோசியர் தேவையில்லை.

கடல் என்றால் ஆழ்மனம், அதிலிருந்து எழும் உயிர்கள் நாம் அறியாத நம் பகுதிகள் என்று உளவியலாளர் யுங் வழி வந்தவர்கள் எழுதுவார்கள். அழகாக இருக்கிறது. கரையிலிருந்து கடலை வேடிக்கை பார்ப்பவருக்கு அது பொருந்தவும் செய்யலாம். காலை மூன்று மணிக்கு வலை இழுப்பவருக்குக் கடல்தான் ஆபீஸ். காசிமேட்டில் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவிடம் ஒருநாள் கேட்டேன், "கனவுல மீன் வருமாக்கா?" என்று. வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே சொன்னார்: "மீன் எங்கப்பா வருது? ஐஸு கரையுது, கரையுது, எனக்கு வண்டி கிடைக்க மாட்டேங்குது. அதான் வரும்." மீனோடு புழங்குகிறவரின் பதற்றம் மீனில் இல்லை, உருகுகிற ஐஸில் இருக்கிறது. பலன் நூல் எதிலும் ஐஸ் கிடையாது.

பிராணி, பிழைப்பு இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. தமிழருக்கு முக்கால்வாசி விஷயம் அதில்தான் என்பேன்: சொல்.

கி.மு. 332இல் அலெக்சாந்தர் தீர் நகரத்தை முற்றுகையிட்டிருந்தான். கடலுக்கு நடுவே தீவாக இருந்த நகரம், மாதக்கணக்கில் பிடிபடவில்லை. ஒருநாள் அவன் கனவில் சாட்டிர் என்ற வனதேவதை கைக்கு எட்டாமல் கூத்தாடியது. உடனிருந்த குறிகாரர் அரிஸ்டாண்டர் அந்தச் சொல்லை இரண்டாகப் பிளந்தார்: 'சா தீரோஸ்', தீர் உன்னுடையது. நகரம் விழுந்தது. ஆர்ட்டெமிடோரஸ் இதைச் சொல்கிறார், 1900ஆம் ஆண்டு தேதியிட்டு வந்த தன் கனவு நூலில் ஃப்ராய்டும் இதை எடுத்தாள்கிறார். தமிழில் கனவு கண்டிருந்தால் சாட்டிர் வெறும் சாட்டிர்தான். கிரேக்கத்தில் மட்டுமே திறக்கிற பூட்டு அது. ஆங்கிலக் கனவு அகராதியை வைத்துக்கொண்டு தமிழ்க் கனவைத் திறப்பவர்கள் செய்யும் தவறும் இதுதான்.

நண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்க மருத்துவர்கள் ஒரு நோய்க்கு நண்டின் பெயரை வைத்தார்கள், லத்தீனில் அது 'கேன்சர்' ஆனது. மேல்நாட்டாருக்கு நண்டுக்கும் நோய்ப் பயத்துக்கும் முடிச்சு விழுந்தது அப்படித்தான். நமக்கு அந்த நோய் புற்று. கரையான் மண்ணைக் குவிப்பதுபோல் வளர்வது. தமிழ் மட்டுமே பேசி வளர்ந்த பாட்டியின் கனவில் நோய் வருவதானால் புற்றாக வரலாம், நண்டாக வருவதற்கு அவருக்கு வழியில்லை. பேரனுக்கு உண்டு, அவன் கேன்சர் என்றே சொல்லிப் பழகியவன், மருத்துவமனைப் பலகையில் நண்டுப் படத்தைப் பார்த்தவன். ஒரே வீட்டில் இரண்டு நண்டு. பாட்டிக்கு நண்டு என்றால் 'நண்டு சிண்டு', காலைச் சுற்றும் வாண்டுகள். குழந்தையின் உள்ளங்கையில் தொடங்கி அக்குள்வரை விரலால் நண்டு ஊறச்செய்து சிரிக்கவைத்த நினைவு. வெளிநாடு போய்விட்ட பேரப்பிள்ளைகளை நினைத்துக்கொண்டு படுத்தவருக்குக் கால்மாட்டில் நண்டு ஊர்ந்தால், அந்தக் காலையில் அவர் செய்ய வேண்டியது ஒரு வீடியோ கால்.

மீனுக்கும் அப்படியே. பிடிகொடுக்காமல் பேசும் ஆளைக் 'கழுவுற மீன்ல நழுவுற மீன்' என்கிறோம். கையிலிருந்து மீன் வழுக்கிப்போகும் கனவு வந்தால், போன வாரம் உங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நழுவியவர் யார் என்று முதலில் யோசியுங்கள். பாதிக் கனவுகள் இங்கேயே அவிழ்ந்துவிடும். பிள்ளைக்கு நீச்சல் கற்றுத்தரும் கனவில் மீன் குஞ்சு வந்தால் பழமொழி உங்களுக்கே தெரியும். கணவாய் வேறு விதத்தில் வேடிக்கை. ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய், எட்டுக்கையுள்ள பேய்க் கணவாய் என்று மீனவர்கள் பிரித்துச் சொல்வார்கள். தமிழில் கணவாய் மலைவழியும்கூட. இந்தப் பக்கம் கணவனுக்கும் அந்தப் பக்கம் கனவுக்கும் அதிலிருந்து ஓரிரு எழுத்து தூரம்தான். பேய்க் கணவாய் கழுத்தைச் சுற்றியதாகச் சொன்ன ஒரு வாசகியிடம், அந்தச் சொல்லை மெல்ல இரண்டு தடவை உரக்கச் சொல்லிப் பாருங்கள் என்றேன். சொன்னார், சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. மேற்கொண்டு நான் கேட்கவில்லை. பிறர் கனவை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதும் இந்த வேலையில் பாதி.

சொல்லும் பலனும் ஊருக்கு ஊர் மாறும் என்பதற்குப் பிற நாட்டுச் சான்றும் உண்டு. சீனருக்கு மீன் 'யூ', மிகுதி என்ற சொல்லுக்கும் அதே ஒலி. அங்கே மீன் செல்வமானது அதனால்தான். அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் பெரியவர்கள் மீனைக் கனவு கண்டால் வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். இப்னு சீரீன் பெயரில் வழங்கும் அரபுக் கனவு நூல்களில் மீனை எண்ணச் சொல்வார்கள்: நாலுவரை எண்ண முடிந்தால் மனைவியர், அதைத் தாண்டினால் செல்வம். மூன்றும் அந்தந்த ஊரில் சரி.

இனி வேலைக்கு வருவோம். தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் வையுங்கள். செல்போன் வேண்டாம், கனவை எழுத எடுத்தவர் வாட்ஸ்அப்பில் முடிப்பார், அதற்குள் கனவு போய்விடும். விழித்ததும் எழுந்து உட்காராமல், கண்ணைத் திறக்காமல், கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி நினைவுகூர்ந்துவிட்டு எழுதுங்கள். வாக்கியம் சரியாக வரவேண்டியதில்லை. உங்கள் வாயில் வந்த சொல்லிலேயே எழுதுங்கள், இது முக்கியம். 'சொறி' என்று தோன்றினால் 'ஜெல்லி மீன்' என்று திருத்தி எழுதாதீர்கள், திருத்தினால் பூட்டை மாற்றிவிட்டீர்கள்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்கள். முதல் யாமத்துக் கனவு பலிக்க ஒரு வருஷம் ஆகும், விடியல் யாமத்துக் கனவுக்குப் பத்தே நாள் என்ற கணக்குகூட உண்டு. இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் 1953இல் தெரியவந்தது. தூங்குகிறவரின் கண்விழிகள் மூடிய இமைக்குள் விறுவிறுவென்று அசையும் நேரங்கள் இருப்பதையும், அப்போது எழுப்பினால் பெரும்பாலும் கனவு சொல்கிறார்கள் என்பதையும் சிகாகோவில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்டார்கள். ஏறக்குறைய தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒருமுறை அது வரும், விடிய விடிய நீளும். நீளமான கனவும் அதைத் தொட்டுக்கொண்டு வரும் விழிப்பும் விடியலில் சேர்ந்துகொள்கின்றன. நினைவில் தங்குவது அதுதான். பலிப்பதெல்லாம் பிறகு நாம் சேர்த்துக்கொள்வது.

என் நோட்டிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன். 2025 ஜனவரிக் கடைசியில் எழுதியது:

"அடுப்படி. கிரைண்டருக்கு அடியில ஆமை. பெருசு. மல்லாக்கக் கிடக்கு, கால ஆட்டுது. புரட்டணும். கை வழுக்குது. யாரோ மணி ஆச்சு மணி ஆச்சுன்னு சொல்றாங்க. முழிச்சுட்டேன். தோள்பட்டை வலி."

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். எழுதி முடித்தவுடன் வயிற்றைப் பிசைந்தது. அப்பா அப்போது இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். பழமொழியையும் படுக்கையையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வருவது எவ்வளவு சுலபம்! இப்படித்தான் மக்கள் பரிகாரத்துக்கு ஓடுகிறார்கள்.

அதற்குப் பதிலாக முந்தின நாளை எழுதினேன். அந்த வாரம் சென்னைக் கடற்கரை நெடுகப் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிக்கொண்டிருந்தன. பெசன்ட் நகரில் காலை நடையில் நானே இரண்டைப் பார்த்தேன், ஒன்று மல்லாந்து கிடந்தது. ஆமை எங்கிருந்து வந்தது என்பது முடிந்தது. முந்தின நாளின் மிச்சத்தை எடுத்துத்தான் கனவு தன் வேலையைச் செய்யும் என்று ஃப்ராய்டு சொன்னதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் அன்று நூறு பொருள்களைப் பார்த்திருப்பேன், ஏன் ஆமை? நோட்டில் எந்தச் சொல் திரும்பத் திரும்ப இழுக்கிறது என்று பார்த்தேன். 'புரட்டணும்'. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பதினோரு நாளாக ராத்திரியெல்லாம் அலாரம் வைத்து நானே செய்துகொண்டிருந்தேன். மணி ஆச்சு என்ற குரல் அலாரம். தோள்பட்டை வலி நிஜம்.

கனவு சாவைச் சொல்லவில்லை, "உன்னால் தனியாக முடியவில்லை" என்று சொன்னது. அன்று தம்பிக்குப் போன் செய்தேன். "ஏன்ணே இவ்வளவு நாள் சொல்லலை?" என்று கேட்டுவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் வந்து படுத்தான். ஆமை அப்புறம் வரவில்லை.

ஆமை பாவம் என்றும் சொல்ல வேண்டும். வள்ளுவர் ஐம்புலன் அடக்கத்துக்கு உவமை சொன்னது அதைத்தான், திருமால் எடுத்த அவதாரத்தில் ஒன்றும் அதுதான். இல்லாமை, கல்லாமை, பொறாமை என்று சொல்லின் வாலில் 'ஆமை' ஒட்டிக்கொண்ட குற்றத்துக்காகத்தான் வீட்டில் அதற்கு இடமில்லாமல் போனது என்று மேடைகளில் சொல்வார்கள். உங்கள் ஆமை குறளிலிருந்து வந்ததா பழமொழியிலிருந்து வந்ததா என்பதை, கனவில் அதன் பக்கத்தில் நிற்கும்போது மனம் எப்படி இருந்தது என்பதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். சொறி மீன் கண்ணுக்குத் தெரியாமல் தொட்டுவிட்டுப் போகும், அரிப்பு பிறகுதான் தெரியும். யார் சொன்ன எந்தப் பேச்சு வீட்டுக்கு வந்தபின் அரித்தது என்று கேளுங்கள். கடல் பாம்புக்கு விஷம் கடுமை, ஆனால் தேடிவந்து கடிக்கிற பழக்கம் அதற்கு இல்லை, வலையிலிருந்து மீனைப் பிரிக்கும் கைகளைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கனவில் நீங்கள் எந்த வலைக்குள் கைவிட்டிருந்தீர்கள்? சங்கு நல்லதுக்கும் ஊதுவார்கள் இறப்புக்கும் ஊதுவார்கள், அதனால் கேட்ட சத்தத்தை விட்டுவிட்டுச் சங்கை மட்டும் எழுதினால் பயனில்லை. பேத்தை மீன் உப்பி நின்றால் யார் ஊதிப்போயிருக்கிறார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

திமிங்கிலம் சிக்கலானது. யோனாவை விழுங்கிய மீன், நபி யூனுஸை விழுங்கிய மீன் என்று கடலோரத்துக் கிறிஸ்தவரும் முஸ்லிமும் சிறுவயதிலேயே அறிந்த கதை அது. அவர்களுக்கு விழுங்கப்படுவது முடிவல்ல, கடமையை விட்டு ஓடியவனைத் திருப்பிவிடுகிற இடம். அதே திமிங்கிலம் வேறு சிலருக்குச் செய்தித்தாளிலிருந்து வருகிறது: அம்பர்கிரிஸ் பறிமுதல், மதிப்பு இத்தனை கோடி. கடன் நெருக்கும் மாதத்தில் திமிங்கிலம் வந்தால் வேதப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் பாங்க் பாஸ்புக்கைப் புரட்டுங்கள். (அம்பர்கிரிஸ் விற்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கனவைப் பலிக்கவைக்க வேண்டாம்.)

சின்னப் பிள்ளைகள் "திமிங்கிலம் வந்துச்சு" என்றால் பலன் தேடாதீர்கள். பிள்ளைகளின் கனவில் மிருகங்கள் அதிகம் வரும், வயது ஏற ஏறக் குறையும். படம் வரையச் சொல்லுங்கள், போதும்.

பயங்கரக் கனவு ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால் பொருள் தேடுவதை நிறுத்திவிட வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி அலையைக் கண்ணால் பார்த்தவருக்குக் கடல் வீட்டுக்குள் வரும் கனவில் விடுகதை எதுவும் இல்லை, அது நடந்தது. அதற்கு உளவியலார் கற்றுத்தரும் பயிற்சி ஒன்று உண்டு. பகலில், நல்ல வெளிச்சத்தில், அந்தக் கனவை எழுதுங்கள். ஏதாவது ஓரிடத்தில் உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள்: தண்ணீர் வாசலில் நிற்கிறது, அல்லது மாடிப்படி இருக்கிறது, பிள்ளைகள் மேலே ஏறிவிட்டார்கள். மாற்றிய கனவை மட்டும் தினமும் பத்து இருபது நிமிஷம் மனக்கண்ணில் ஓட்டுங்கள், பழையதைத் தொடாதீர்கள். சில வாரங்களில் பலருக்கு அடங்குகிறது. நினைத்தாலே உடம்பு நடுங்குகிறதென்றால் தனியாகச் செய்யாமல் மனநல மருத்துவர் துணையோடு செய்யுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் புரோப்ரனலால் போன்ற சில மாத்திரைகள் தெளிவான, பயமுறுத்தும் கனவுகளைக் கொண்டுவரும். புது மாத்திரையோடு சேர்ந்தே சுறாவும் வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டாவது, ஐம்பதைத் தாண்டியவர்கள் கவனிக்க வேண்டியது: கனவில் சுறாவை உதைக்கும்போது நிஜமாகவே கால் எழும்பிப் பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் விழுகிறதா? கனவின்போது தசைகள் செயலற்றுக் கிடப்பதுதான் இயல்பு. அந்தப் பூட்டு கழன்றுபோவது சிலரிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்களுக்குப் பல வருஷம் முந்திய அறிகுறி. வீட்டில் சிரித்துவிட்டு விடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

ராத்திரி பயந்து விழித்து, எழுப்பிச் சொல்ல ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு: மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.